பரமசிவமும் முதிய கொடிகளின் வெள்ளை ஒயினும்

செய்தி வந்தபோது நான் துபாய் மீனா பஜாரில் ஒரு தையற்கடையில் பேன்ட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஊர் எண். எடுத்தால் ஒரு பெண்குரல். "சார், நான் பரமசிவம் மக தேன்மொழி பேசுறேன். அப்பா நேத்துக் காலைல போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." தையற்காரர் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போட்டார்.

நம் ஹோட்டலில் அவரோடு வேலை பார்த்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கறுப்புக் கோட்டு போட்டு மேசை மேசையாக ஒயின் பரிமாறிய பரமசிவத்தைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முன் அவர் நம் சமையலறையில் தட்டு கழுவினார். அதற்கும் முன் ஷார்ஜாவில் கட்டட சைட் வேலை. எல்லாவற்றுக்கும் முன், கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு வெள்ளை ஒயின். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்திருந்தார். நூறு வயது தாண்டிய கொடிகளின் பழத்திலிருந்து எடுத்தது என்று சொல்லி எல்லோருக்கும் ஊற்றினார். உணவகத்தின் மேலாளர் என்பதால் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். பெட்டி தூக்கி வந்த பரமசிவம் திரும்பிப் போகாமல் என் காதோரம் குனிந்தார். "சார், நூறு வயசுக் கொடி எத்தனை குலை விடும்னு கேளுங்க." கேட்டேன். மிகக் குறைவு என்றார் விற்பனையாளர். "அதான பாத்தேன். எங்க பக்கம் காய்ப்பு கொறைஞ்சா வேரோட பிடுங்கிருவோம். இவங்க கொறையட்டும்னு விட்டு வச்சிருக்காங்க. இருக்கிற நாலு பழத்துக்குள்ள எல்லாம் எறங்கிருக்கும்." நான் மொழிபெயர்த்ததும் அந்த மனிதர் எழுந்து வந்து பரமசிவத்தின் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தார். பரமசிவம் முகர்ந்தார், வாயில் வைத்தார், துப்பினார். "செங்காய்க் கொய்யா. அப்புறம் மழை விழுந்த பாறை" என்றார். அதற்குப் பிறகு அந்த ஒயினைப் பற்றி எவரும் அதைவிடச் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆங்கிலம் கற்றார், ஒயின் தேர்வுகள் எழுதினார், கோட்டு போட்டார். கடைசிவரை ஒரு மிடறுகூட விழுங்கியதில்லை. "எம் பொண்டாட்டிக்குச் சொன்ன சொல்லு சார். வாய்க்குள்ள வரலாம், தொண்டைக்குள்ள போகக் கூடாது." குடியிருந்தது ஷார்ஜா ரோலாவில், மதுவே விற்காத எமிரேட்டில். டியூட்டி முடிந்ததும் குளித்து, சட்டை மாற்றி, தன் கைகளை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

கொரோனாக் காய்ச்சலில் அவர் பதினைந்து நாள் படுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். எழுந்து வந்தபோது மோப்பம் போயிருந்தது. அது உங்களுக்குத் தெரியாது. எனக்கே ஒரு மதிய விருந்தில்தான் தெரிந்தது. அதே முதிய கொடி ஒயினைத் திறந்து, முகர்ந்து, தலையாட்டி ஊற்றினார். விருந்தாளி ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். நான் எடுத்து முகர்ந்தேன். கார்க் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தது. புதியவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

பின்கட்டில் வைத்துக் கேட்டேன். "அண்ணே, என்னாச்சு? உண்மையச் சொல்லுங்க."

"மாஃபி சார், வாசனையே இல்ல. காப்பித்தூளும் பினாயிலும் ஒண்ணாத்தான் இருக்கு. கலரப் பாத்து, விருந்தாளி மூஞ்சியப் பாத்து ஓட்டிக்கிட்டிருக்கேன்." பிறகு சொன்னார்: "புள்ளைக்குக் கடைசி வருசப் படிப்பு. அது முடியிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்ககிட்ட வேற எதுவும் கேக்க மாட்டேன்."

சரி என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் நான் முகர்ந்தேன். நன்றாக இருந்தால் டையைச் சரிசெய்துகொள்வேன். அதைப் பார்த்துவிட்டு, அவர் மேசைக்குப் போய்ப் பழைய கம்பீரத்தோடு ஊற்றுவார். மாதக்கணக்கில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஹோட்டலில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. புதிய தலைமை அதிகாரி என்னை அறைக்கு அழைத்தார். என் விசா புதுப்பிக்கும் காகிதம் அவர் மேசைமேல் இருந்தது. "பாட்டிலை ஏன் எப்போதும் நீங்களே முகர்கிறீர்கள்?" என்றார். அவர் மிரட்டவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் உள்ளதைச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

செலவைக் குறைக்கத்தான் பரமசிவத்தை அனுப்பினார்கள் என்று நீங்கள் இன்றுவரை நம்புகிறீர்கள். நானும் திருத்தியதில்லை. கடைசி நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்ததாலதான் இத்தன மாசம் ஓடுச்சு சார்" என்றார். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நான்தான் பார்வையை விலக்கிக்கொண்டேன்.

அன்று தொலைபேசியில் தேன்மொழி பேசிக்கொண்டே போனாள். அந்தப் படிப்பை அடுத்த வருடம்தான் முடித்தாளாம். நடுவில் ஒரு வருடம் ஜவுளிக்கடையில் நின்றிருக்கிறாள். அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள்: "அப்பாவுக்கு மோப்பம் திரும்பினத உங்ககிட்ட சொன்னாங்கள்ல? ஊருக்கு வந்த மூணாவது மாசமே வந்திருச்சு. ஒருநாள் ரசம் கொதிக்கிறப்போ வாசல்ல இருந்து ஓடி வந்தாங்க."

என்னிடம் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டுப் பேசியவர், என் பிள்ளைகளின் பெயர் சொல்லி விசாரித்தவர், இதை மட்டும் சொல்லவில்லை. மூன்று மாதம் பொறுத்திருந்தால் போதும் என்பது எனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அப்படியென்றால் நான்தான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை எண்ணாத நாளில்லை இப்போது. உணவகத்தில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டால், பக்கத்தில் யாரோ என் கையைப் பார்த்து நிற்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன்.

தொலைபேசியில் தேன்மொழியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இதுவரை எழுதியதை வாட்ஸ்அப்பில் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. வர வேண்டுமென்று எதிர்பார்க்க எனக்கு உரிமையுமில்லை.

உங்களில் சிலரிடம் அவருடைய புகைப்படம் இருக்கும், அவர் கொடுத்த பேனா இருக்கும். என்னிடம் இருப்பது, அவர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு உதவி. அதைச் செய்யாமல் வைத்திருக்கிறேன்.