சூளைச் சுவரோரம் வெந்த மொச்சை

எதையும் குப்பையில் போடுவதற்கு முன்னால் பாஞ்சாலை அக்கா அதை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். பால் கவரானாலும் சரி, பீர்க்கங்காய்த் தோலானாலும் சரி. பதினாறு வருடமாக விருத்தாசலத்தில் ஒரே பொம்மைக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து களிமண் பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிறோம். அவர் திருப்பிப் பார்க்காமல் எறிந்த ஒரு பொருளை நான் கண்டதில்லை.

பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் விதை கட்டி வைப்பார். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகிவிடும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி பாசிப்பருப்போடு கூட்டாகும். அச்சு தேய்ந்து கூடத்தில் தூக்கிப் போடும் பிளாஸ்டர் கட்டியைக் கேட்டு வாங்கிப் போய்க் குடத்துக்கு அடியில் வைப்பார். சிந்தும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும், தரை வழுக்காது. வீட்டுக்காரர் கலியமூர்த்தி வேப்பூரில் நெல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். மூத்த பெண் வெண்பா நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு இந்தத் தோலிலும் கவரிலும்தான் நடக்கிறது.

இதற்கு ஊர் வைத்த பெயர் பிசினாறி. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் எல்லாரும் அவர் கொண்டுவரும் துவையலை வழித்துத் தின்றவர்கள்தான். கல்யாண மண்டபத்தில் இலையோடு பாதிச் சோற்றை மடித்துப் போடுகிறவனை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

சிலிண்டர் விலை ஏறிய ஒரு வருடம் அக்கா புதிதாக ஒன்று செய்தார். எங்கள் சூளை கேஸில் எரிகிறது. பொம்மைகளை உள்ளே அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்து விடுவார்கள். அடுப்பை அணைத்த பிறகு இரண்டு நாள் அப்படியே ஆறவிட வேண்டும். அந்த இரண்டு நாளும் வெளிச்சுவர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அக்கா காலையில் வீட்டில் மொச்சையையோ கொள்ளையோ ஒரு கொதி மட்டும் விட்டு, மூடிய தூக்கோடு கொண்டுவந்து சுவரை ஒட்டி வைத்து, மேலே சாக்கு போட்டு மூடிவிடுவார். சாயங்காலம் மசிந்திருக்கும். மூன்று வருடம் இப்படி நடந்தது. நாங்களும் எங்கள் சோற்றுப் பாத்திரங்களை அங்கே கொண்டுபோய் வைத்தோம். மத்தியானம் சூடாகச் சாப்பிட்டோம்.

போன வருடம் கொலுவுக்கான ஆர்டர். சூளையைத் திறந்தபோது மூன்றில் ஒரு பிள்ளையார் விரிசல் விட்டிருந்தது. முதலாளி அறிவழகன் வந்து நின்றார். மேஸ்திரி பாண்டியன் நேராகச் சுவரோரம் போய்ச் சாக்கை விலக்கித் தூக்கைக் காட்டினார்.

"யாருது இது?" என்றார் முதலாளி.

"என்னுதுங்க," என்றார் பாஞ்சாலை அக்கா.

"உள்ள என்னா இருக்குது?"

"மொச்சைங்க."

"மூணு வருஷமா இப்படித்தாங்க," என்றார் மேஸ்திரி. "அந்தப் பக்கத்துச் சூட்ட இது இழுத்துக்குது. ஒரு பக்கம் ஆறிப்போனா பொம்மை விரிசல் வுடாம என்னா பண்ணும்?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு தூக்கு மொச்சை அவ்ளோ சூடு இழுக்குதுன்னா, மார்கழி பூரா அதே செவுத்துல சாஞ்சி தூங்கறீங்களே மேஸ்திரி, நீங்க எவ்ளோ இழுத்திருப்பீங்க?"

எங்களோடு பிசிறு சீவும் அமிர்தம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதலாளி சிரிக்கவில்லை.

"கேஸு நான் காசு குடுத்து வாங்கறது. என் சூட்டுல நீ வூட்டுச் சமையல் பண்ணுவியா? இதுக்குப் பேரு திருட்டு."

"செவுத்துக்கு வெளிய வந்த சூடு காத்துக்குத்தாங்க போவுது. காத்துக்கிட்டயும் கணக்கு கேப்பீங்களாங்க?"

"நாளைலேருந்து வர வேணாம்."

அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதி ஏழு பெண்கள் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு உண்மை தெரியும். காலையில் கூட்டுவதற்கு முதலில் வருகிறவள் நான். இரண்டு நாள் ஆறவேண்டிய சூளையில், அணைத்த மறுநாள் விடியற்காலையிலேயே மேஸ்திரி வாசலின் மேல்வரிசைச் செங்கற்களை உருவிக்கொண்டிருந்தார். சரக்கு ஏற்ற லாரி சீக்கிரம் வந்து நிற்கும் என்ற அவசரம். சூட்டோடு இருக்கும் பொம்மையில் குளிர்காற்று பட்டால் விரிசல் விடும். இது சூளை பார்த்த யாருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆனால் மேஸ்திரியைக் கேட்பதைவிட மொச்சையைக் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அன்று பேசாததற்கு அது ஒரு காரணமே இல்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வெண்பாவுக்கு அந்த மாதம் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும். அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"வேலய வுட்டு நிறுத்துனது கூடப் பரவால்ல," என்றார். "திருட்டுன்னாரு பாரு. ஒரு கல்லு உப்பு கூட அங்கேருந்து நான் எடுத்தாந்ததில்ல."

"நான் சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருக்கணும்," என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மொச்சைக் குழம்பு ஊற்றினார்.

பத்து நாள் கழித்து அடுத்த சூளை. சுவரோரம் ஒரு டம்ளர்கூட இல்லை. மறுபடியும் லாரி அவசரம், மறுபடியும் விடியற்காலையில் செங்கல் உருவல். இந்த முறை பாதிக்குப் பாதி விரிசல். முதலாளி உடைந்த பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இப்ப என்னா காரணம்?"

மேஸ்திரி மண் சரியில்லை என்றார். உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"ஒரு நாள் முன்னாடியே வாசலத் தொறந்தாங்க. போன தடவையும் அப்படித்தான். நான் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?" என்று முதலாளி கத்தினார்.

அன்று மத்தியானமே பாஞ்சாலை அக்காவுக்குப் போன் போனது. பேசியது முதலாளி இல்லை, மேஸ்திரி. "நாளைக்கு வந்துடுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பரீட்சைப் பணம் கட்ட வேண்டியிருந்ததால் அக்கா வந்தார்.

இன்றைக்கும் அவர் என் பக்கத்துப் பலகையில்தான் பிசிறு சீவுகிறார். நின்ற பதினோரு நாளுக்குக் கூலி தரவில்லை. திருட்டு என்ற சொல்லை யாரும் திரும்பப் பெறவில்லை. இன்னமும் பாண்டியன்தான் மேஸ்திரி. சூளைச் சுவரில் பாத்திரம் வைக்கக் கூடாது என்று பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். சுவர் கொதிக்கிறது. நாங்கள் எட்டுப் பேரும் அதற்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஆறின சோறு தின்கிறோம்.