ஏரியைப் பார்க்கும் நாரை

சூசைராஜ் இறந்த செய்தி எனக்கு முதலில் வரவில்லை. பேருந்து ஓட்டுநர் மஜீத் பாய்க்குத்தான் முதலில் தெரிந்தது. அவர்தான் காலையில் செல்போனில் கூப்பிட்டார். "சார், நம்ம சூசை அண்ணன் போயிட்டாருங்க. தூக்கத்துலயே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

தெரிந்திருக்கவில்லை. விருத்தாசலத்தில் எது நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்வது நிருபரான என் தொழில். ஸ்ரீமுஷ்ணம் போகும் முதல் நடைக்கு வழக்கமான இடத்தில் சூசைராஜ் நிற்கவில்லையாம். மஜீத் பாய் வண்டியை ஓரங்கட்டி, கண்டக்டரை அவர் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு மனிதர் ஒரு நாள் வராததற்காக ஒரு பேருந்தே காத்திருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு வந்தது பொறாமைதான். துக்கம் பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போது வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பொம்மைக் கம்பெனியில் அவர் மாடல் செய்பவராக இருந்தார். அச்சு எடுப்பதற்கு முன் களிமண்ணில் முதல் உருவத்தைப் பிடிப்பது அவர் வேலை. உங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு பீங்கான் யானை நின்று, அது யாரையோ கூப்பிடுவதுபோலக் காதை விரித்திருந்தால், அது அவர் கையிலிருந்து வந்ததாக இருக்கலாம். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, ஊதுபத்தி வைக்கும் மயில் என்று எல்லாம் செய்தார். எதிலும் அவர் பெயர் இருக்காது.

தொழிற்பேட்டையைப் பற்றி எழுதுவதற்காகத் தொண்ணூறுகளில் ஒருநாள் போனபோது அவரைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கொட்டகை நிழலில் படுத்திருக்க, அவர் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மிச்ச மண்ணில் ஒரு நீர்க்கோழி செய்துகொண்டிருந்தார். என்ன விலை போகும் என்று கேட்டேன். "இது விக்கிறதுக்கு இல்ல சார். காலையில இத பாத்தேன். மறந்துடக் கூடாதுன்னு செய்யறேன்" என்றார்.

பிறகு பழகினோம். என் தெருவுக்கே குடிவந்தார். அதன்பின் எங்கள் தெரு ஆண்களுக்கு நிம்மதி போயிற்று. மாலையில் கம்பெனி விட்டதும் கையில் மண் காயுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பெண் பிள்ளைகளையும் மணிமுத்தாற்று மணலுக்குக் கூட்டிப் போவார். மழை வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிற அப்பாக்களுக்கு நடுவே, பிள்ளைகளை வெளியே கூப்பிடுகிற அப்பா அவர் ஒருவர்தான். நான் வீடு திரும்பும்போது என் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். "சூசை அண்ணனைப் பாருங்க" என்று என் மனைவி சொல்லாத வாரம் கிடையாது. மற்ற வீடுகளிலும் அதே பேச்சுதான்.

ஒருநாள் அவரிடமே சொல்லிவிட்டேன். "சூசை, நீங்க வேற தெருவுக்குப் போயிடுங்க. உங்களால எங்க யாருக்கும் குடும்பம் நடத்த முடியல."

அவர் யோசிப்பதுபோல நின்றார். "போயிடலாம் சார். ஆனா அந்தத் தெருவுலயும் ஆம்பளைங்க இருப்பாங்களே."

அவருக்கு ஓர் ஏரி இருந்தது. ஸ்ரீமுஷ்ணம் சாலையில், நிறுத்தமே இல்லாத ஓர் இடத்தில். வேலை நாட்களில் முதல் பேருந்தில் போய் அங்கே இறங்குவார். அதே வண்டி திரும்பி வரும்போது ஏறிக்கொள்வார். ஞாயிறன்று காலைப் பூசை முடிந்ததும் மனைவி லூர்துமேரி புளிச்சோறு கட்ட, குடும்பமே அங்கே போகும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அங்கே போய்வந்ததால் லூர்து அந்த ஏரிக்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்திருந்தார். "மூத்தாளப் பாக்க எளையாளையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போற ஆம்பள இந்த ஒருத்தருதான்" என்று தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். சூசைராஜ் சோற்று மூட்டையை வாங்கி மொபெட்டில் மாட்டியபடி, "மூத்தாளுக்கு சமைக்கத் தெரியாதும்மா" என்பார்.

அது விளையாட்டுப் பேச்சு மட்டும் இல்லை. லூர்து ஒருமுறை என் மனைவியிடம் சொன்னார்: "நான் புதுப் பொடவை கட்டினா சாயங்காலந்தான் கண்ணுல படும். கொக்கு ஒரு எறகு புதுசா போட்டா அன்னைக்கே தெரிஞ்சுடும்."

சூசைராஜ் என்னையும் ஒருமுறை ஏரிக்கு அழைத்துப் போனார். கரையில் உட்கார்ந்து, அது என்ன பறவை, எங்கிருந்து வருகிறது, என்ன தின்னும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எதிரில் இருந்த நாரை எழும்பிப் போய்விட்டது. "நீங்க பேட்டி எடுக்கறீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு சார்" என்றார். திரும்பும் வழியில், அந்த ஏரியின் பெயரை மட்டும் பத்திரிகையில் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதினால் ஆட்கள் வருவார்கள். சரி என்றேன்.

அந்த நாரையை மண்ணில் நிற்கவைக்க அவர் பல வருடங்கள் முயன்றார். சூளைச் சூட்டில் மெல்லிய கால் தாங்காது. குழைந்து உட்கார்ந்துவிடும். அதனால் எல்லோரும் பறவையின் வயிற்றுக்குக் கீழே ஒரு புல் புதரைச் செய்து அதன் மேல் உட்காரவைப்பார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீரில் நிற்கிற நாரைக்குக் கீழே தண்ணீர்தான் இருக்க வேண்டும் என்பார். தீபாவளிக்குத் தீபாவளி ஒன்று செய்து சூளைக்கு அனுப்புவார். அது சாய்ந்து வரும். அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே உடைத்துப் போடுவார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு வருடம் ஒன்று நின்றுவிட்டது. சாண் உயரம். சூட்டில் முழங்கால் கொஞ்சம் வளைந்திருந்தது. அந்த வளைவால் அது அடுத்த அடியை எடுத்துவைக்கப் போவதுபோல் இருந்தது. சூளையிலிருந்து வந்த அன்றே பார்த்தேன். "இது எனக்கு" என்றேன். அவரிடம் நான் கேட்ட ஒரே பொருள் அதுதான். அவர் சிரித்தார்.

அடுத்த வாரம் கொட்டகையில் அது இல்லை. கேட்டதற்கு, "போக வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு சார்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குக் கௌரவம் விடவில்லை. வீட்டு அலமாரியில்தான் இருக்கும், லூர்துக்குத்தான் கொடுத்திருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். அதன்பின் அவர் வீட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் அந்த அலமாரிப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்துவிடுவேன். யாருக்கு நாரை கிடைத்ததோ அவர்தான் அவருக்கு முதல் ஆள் என்று என் மனதில் ஒரு கணக்கு.

அவர் இறந்த அன்று மதியம். கூடத்தில் பெட்டி. பங்குச் சாமியார் வந்து ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். மஜீத் பாய் வண்டியை வேறு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, துண்டில் எதையோ சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வந்தார். பிரித்தார். அந்த நாரை. காலுக்குக் கீழே பழைய டியூப் ரப்பரில் மெத்தை வெட்டி ஒட்டியிருந்தார்.

"அண்ணி, இது அண்ணன் குடுத்தது. இத்தன நாளா வண்டியில முன் கண்ணாடிகிட்ட இருந்திச்சு. இனிமே வூட்டுல இருக்கறதுதான் முறை."

லூர்து நாரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்க வூட்டுல இல்லியாண்ணே? உங்களுக்குக் குடுத்துட்டாருன்னு இத்தன வருசமா உங்க மேல கடுப்புல இருந்தேன்."

"உங்க அலமாரியில இருக்குதுன்னு நான் நினைச்சேன்ம்மா."

அழுது வீங்கிய முகத்தோடு லூர்து சிரித்துவிட்டார். பெரிய பெண் திடுக்கிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

மஜீத் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். கொடுத்த அன்று, தனக்கு எதற்கு என்று அவரே கேட்டாராம். அதற்கு சூசைராஜ் சொன்னது: "ரிப்போட்டர் சார்கிட்ட குடுத்தா புக்கு நடுவுல வெப்பாரு. லூர்துகிட்ட குடுத்தா மாதா படத்துக்குப் பக்கத்துல வெக்கும். ரெண்டும் நல்ல எடந்தான் பாய். ஆனா அங்க இருந்து பாத்தா தண்ணி தெரியாது. உங்க வண்டியில இருந்தா போறப்பவும் ஏரியப் பாக்கும், வர்றப்பவும் பாக்கும்."

லூர்து நாரையை மடியில் வைத்து, அதன் வளைந்த முழங்காலை விரலால் தடவினார். அதை என்னிடம் நீட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்க்கிற இடமா அது என்று கேட்டால், இல்லைதான். எதிர்பார்த்தேன்.

அவர் அதை மஜீத் பாயிடமே கொடுத்தார். "இருந்த எடத்துலயே வைங்க தம்பி. மூத்தாள் கண்ணு முன்னாலயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம புள்ளைங்களோட வந்து நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை சூசைராஜைக் கல்லறையில் வைத்தோம்.

நேற்று முதல் நடையில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். நாரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. ஏரிக்கரை வந்ததும் மஜீத் பாய் வண்டியை நிறுத்தினார். நான் டிக்கெட் எடுத்தது ஸ்ரீமுஷ்ணத்துக்கு. யாரும் எழவில்லை. கண்டக்டர் விசில் ஊதவில்லை. பயணிகள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் இறங்கினேன்.

பேருந்து நாரையைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒன்று தண்ணீரில் நின்றது. நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதுவும் போகவில்லை.

போய் வாருங்கள், சூசை. உங்கள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். ஏரியின் பெயரை இங்கேயும் எழுதவில்லை.