தாம்பரம் – மேடவாக்கம்: ஒன்பது கிலோமீட்டரும் எனக்குப் பெரிதான ஒரு ஹைப்ரிட் சைக்கிளும்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தத் தளத்தில் லடாக் போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள். கன்னியாகுமரி வரை வண்டி ஓட்டியவர்கள் எழுதுகிறார்கள். நான் கிழக்கு தாம்பரத்திலிருந்து மேடவாக்கத்துக்கு சைக்கிளில் வேலைக்குப் போவதைப் பற்றி எழுதப் போகிறேன். இதைப் பயணம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சைக்கிள் வாங்கும் முன் இப்படி ஒரு கட்டுரையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்ததெல்லாம் ஆறடி உயர ஆண்கள் எழுதியவை, அதுவும் வேறு ஊர் ரோடுகளைப் பற்றி. யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மேடவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் இருக்கிறேன். ஏழு மணிக்குத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் அதற்கு முன்பே வாசலில் கோபமாக நின்றுகொண்டிருப்பார்கள். போன டிசம்பரில், கூட்டம் இல்லாத ஒரு மதியம், டெக்னீஷியன் வனிதா அக்கா, "சும்மாதான இருக்க, கையை நீட்டு, உனக்கும் பாத்துருவோம்" என்று ரத்தம் எடுத்தார். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது.

"எல்லைக் கோட்டுல நிக்கற. இருபத்தி நாலு வயசுல உனக்கு எதுக்குடி இது?" என்றார் அக்கா. பிறகு மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அப்பாவின் வலது கால் கண் முன்னால் வந்தது. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். சர்க்கரையால் இரண்டு விரல்களை எடுத்த பிறகு வேலைக்குப் போவதில்லை. காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தது நான். முதல் சர்க்கரை நோயாளி அப்பா, இரண்டாவது நானாகக் கூடாது.

பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பெண்களுக்கு இலவசமும்கூட. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து போய், லேபில் உட்கார்ந்து, மறுபடி உட்கார்ந்தே திரும்பி வந்துதான் இந்த எண் வந்தது. ஜிம்முக்குப் போகக் காசும் இல்லை, தைரியமும் இல்லை. வேலைக்குப் போகிற நேரத்தையே உடற்பயிற்சி ஆக்கிக்கொள்ளலாம் என்று பொங்கல் கழிந்து சைக்கிள் பார்க்கக் கிளம்பினேன்.

ஏன் ஹைப்ரிட்? பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள்தான் எனக்குத் தெரிந்த ஒரே சைக்கிள். உழைக்கும், ஆனால் கனம் அதிகம், கியர் கிடையாது. தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் பார்க்க கம்பீரமாக இருக்கும், தார் ரோட்டில் இழுக்கும். ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்ட வேண்டும், அந்த மெல்லிய டயர் வழியில் வரும் கேம்ப் ரோடு பள்ளத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய சக்கரம், நடுத்தர டயர், நிமிர்ந்து உட்காரலாம். கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். இந்த ரோடு முழுக்கச் சமதளம், பின்சக்கரத்தில் ஏழு கியர் இருந்தாலே மிச்சம்.

கடை மேற்கு தாம்பரத்தில். தம்பி சதீஷ் கூட வந்தான். கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

"வண்டி யாருக்கு?" என்றார்.

"அக்காவுக்குத்தான் பாய். ஆனா வூட்ல அல்லாரும் ஓட்டுவோம்" என்றான் சதீஷ்.

"அப்ப மீடியம் பிரேம் எடுத்துக்கோ. சின்னது எடுத்தா உன் முட்டி மூஞ்சில இடிக்கும்."

சதீஷ் ஏறி தெருமுனை வரை போய் வளைந்து வந்தான். "செம்மயா கீதுக்கா" என்றான். பாய் என்னைப் பார்த்து, "நீயும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாம்மா" என்றார். எதிரே டீக்கடையில் நாலைந்து பேர் டம்ளரோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம் பாய், நல்லா இருக்கு" என்றேன். நான் அதன் மேல் உட்காரக்கூட இல்லை.

எங்கள் வீட்டில் செருப்பைத் தவிர எதையும் ஒருவருக்கென்று வாங்கிப் பழக்கமில்லை. எது வாங்கினாலும் வீட்டுக்கு வாங்குவது, அதனால் இருப்பவர்களில் உயரமானவருக்குப் பொருந்துகிற மாதிரி வாங்குவது. சைக்கிளையும் அப்படித்தான் வாங்கினோம். சதீஷ் ஐந்தடி ஒன்பது. நான் ஐந்தடி ஒன்று. விலை 15,800, என் சம்பளத்தில் சேர்த்தது. சதீஷ் அதை இதுவரை ஓட்டியது இரண்டு முறை.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஹேண்டில் எட்டத்தில் இருந்ததால் கழுத்து வலித்தது, உள்ளங்கை மரத்துப் போனது. சிக்னலில் நின்றால் கட்டைவிரல் நுனிதான் தரையில் படும். பிரேமை மாற்ற முடியாது, மற்றதை மாற்றலாம் என்று சேலையூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற துண்டைக் குட்டையானதாக, மேல் நோக்கி வளைந்ததாக மாற்றினார். 600 ரூபாய். சீட்டைக் கடைசி வரை இறக்கி முன்னால் தள்ளினார். அகலமான சீட் 650. ஹைப்ரிட்டில் மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர் எதுவும் வராது என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. எல்லாம் தனி, ஏறக்குறைய 2,000 ஆனது. முன்னும் பின்னும் லைட்டுக்கு 550. சாப்பாட்டுப் பையையும் மாற்று உடையையும் கட்டத்தான் கேரியர் போட்டேன். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இரண்டு பின் குத்திக்கொள்வேன்.

"சைக்கிளு வாங்குனியா, வேற சைக்கிளு செய்றியா?" என்றார் அப்பா.

இவ்வளவு செய்த பிறகும் அது என் அளவுக்கு வரவில்லை. ஆனால் ஓட்ட முடிந்தது.

இனி வழி, வேளச்சேரி ரோடுதான். ஆறு மணிக்கு ஸ்டேஷனின் கிழக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவேன். சேலையூர் வரை பிரச்சனை இல்லை, பால் வண்டிகள் மட்டும் இடது ஓரத்தில் நிற்கும். கேம்ப் ரோடு சிக்னலை ஆறேகாலுக்குள் தாண்டிவிட வேண்டும். அதற்கு மேல் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்துவிடும், அவை சைக்கிளை ஒரு வண்டியாகவே நினைப்பதில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் குப்பைத் தொட்டியருகே நாய்கள் இருக்கும். வேகமாகப் போனால் துரத்தும், மெதுவாகப் போனால் விட்டுவிடும். செம்பாக்கம் பக்கம் மழைக்குப் பிறகு நாலு நாளுக்குத் தண்ணீர் நிற்கும், பள்ளம் தெரியாது, முன்னால் போகிற பைக்கின் தடத்திலேயே போங்கள். சந்தோஷபுரம் தாண்டினால் ரோடு சற்று அகலம். மேடவாக்கத்தில் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே சர்வீஸ் ரோட்டில் வாருங்கள். மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்புகள் ஓரத்தில் மணல் கொட்டிக் கிடக்கும், அங்கே பிரேக் பிடிக்கக் கூடாது. மொத்தம் முப்பத்தைந்திலிருந்து நாற்பது நிமிடம் ஆகும். லேபில் முகம் கழுவி உடை மாற்ற நேரம் இருக்கும்.

அந்த நாற்பது நிமிடத்தில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டதா என்பார்கள், லேபில் ரிப்போர்ட் எப்போது என்பார்கள். நடுவில் இந்த ரோடு மட்டும் எனக்கு. ஏப்ரலில் வனிதா அக்கா மறுபடி ரத்தம் எடுத்தார். 5.8. "பரவால்லையே" என்றார். அன்றைக்குத் திரும்பும்போது வெயில்கூடத் தெரியவில்லை.

ஆகஸ்ட்டில்தான் அது நடந்தது. சந்தோஷபுரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பைக் ஒன்று பின்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. இரண்டு பேர். நம் ஊரில் வண்டி நின்றுபோனால் இன்னொரு வண்டிக்காரர் பக்கவாட்டில் வந்து காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே போவார் இல்லையா, டோ பண்றது என்பார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் கேரியரில் காலை வைத்தான்.

"டோ பண்ணி வுடறேன் மேடம், ஏன் கஷ்டப்படறீங்க?"

"வேணாம்ணா" என்றேன். அண்ணா என்றுதான் வாயில் வந்தது.

"டேய், வேணாமாம்டா, இன்னும் ஸ்பீடா போ."

சைக்கிள் என் காலை விட வேகமாகப் போனது. பெடல் தானாகச் சுற்றுகிற மாதிரி இருந்தது. பிரேக் பிடித்தால் அவன் கால் என்னைக் குப்புறத் தள்ளிவிடும், பிடிக்காவிட்டால் எதிரே மெட்ரோ தடுப்பு. சிரித்துக்கொண்டே காலை எடுத்தான். மணலில் சறுக்கி விழுந்தேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி பெரிய சத்தத்தோடு நின்றது, என் தலைக்கும் அதன் சக்கரத்துக்கும் இடையில் ஒரு சைக்கிள் நீளம்தான் இருந்திருக்கும்.

லாரி டிரைவர் இறங்கி வந்து தூக்கினார். "இன்னாமா, அடி பட்ச்சா? யாரு அவனுங்க, தெர்ஞ்சவனா?" ஓரத்தில் இட்லி விற்கும் அக்கா முழங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "தெரிஞ்ச பையனாம்மா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் அதையே கேட்டார். தெரியாதவன் இப்படிச் செய்வான் என்பதை ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான்.

அதன் பிறகு சதீஷ் தினமும் பைக்கில் என் பின்னாலேயே வந்தான். நான் சைக்கிளில், அவன் முதல் கியரில், ஹாரன் அடித்துக்கொண்டு. மேடவாக்கத்தில் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்த் தூங்குவான். மதியம் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும், நான் தனியாகவே திரும்பிவிடுவேன்.

"நீ எளைக்கறியோ இல்லியோக்கா, என் டேங்கு நல்லா எளைச்சுகினு போவுது" என்பான். ஒருநாள் செம்பாக்கத்தில் ஒரு டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தி, ஏன் அந்தப் பெண்ணைத் துரத்துகிறாய் என்று அவன் சாவியை எடுத்துக்கொண்டார். "சார், எங்க அக்கா சார். எக்சசைஸ் பண்ணுது சார்" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். அவர் என்னிடமும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் விட்டார். அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. ஆனாலும் மறுநாள் வந்தான்.

போன மாதம் அவனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்துவிட்டது, விடியற்காலை ஷிப்ட். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான்கு நாள் தனியாகப் போனேன். பைக் சத்தம் பின்னால் கேட்கும் ஒவ்வொரு முறையும் இறங்கி ஓரமாக நின்றேன். ஏழேகாலுக்குத்தான் லேபைத் திறந்தேன். ஐந்தாம் நாளிலிருந்து பஸ்.

"வித்துடு. மாடிப்படியில துருப்புடிக்கறதுக்கா வாங்குன?" என்றார் அப்பா. பிறகு டிவியைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரா போனா போ. ஒண்டியா வாணாம்" என்றார்.

விளம்பரம் சதீஷே போட்டுவிட்டான். வண்டலூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். "லேடீஸ் ஓட்டுனதா? அப்ப புதுசு மாரி இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். போன வாரம் வனிதா அக்கா ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை, நீங்களே ஏறி ஓட்டிப் பாருங்கள். ஐந்தடி மூன்றுக்குக் கீழே என்றால் சின்ன பிரேம் கேளுங்கள், கடையில் இல்லாவிட்டால் வரவழைக்கச் சொல்லுங்கள். சைக்கிள் விலைக்கு மேல் குறைந்தது நாலாயிரம் ஒதுக்கி வையுங்கள். டயரில் வாரம் ஒருமுறை காற்றடியுங்கள். கண்ணாடி ஒன்று ஹேண்டிலின் வலது பக்கம் மாட்டுங்கள், முன்னூறு ரூபாய்தான், நான் மாட்டாமல் விட்டது அது. பின்னால் யாராவது காலை வைத்தால் முதலிலேயே கத்துங்கள், மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. கேட்கலாமா என்று தெரியாமல் கடைசி வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

இதைப் படிக்கிற பெண்கள் யாராவது காலையில் வேளச்சேரி ரோட்டில் சைக்கிளில் போகிறவராக இருந்தால், சேலையூரிலிருந்தோ ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்தோ மேடவாக்கம் வரைக்கும், ஆறு மணியிலிருந்து ஆறே முக்காலுக்குள், என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா? நீங்கள் எப்போது கிளம்பினாலும் அதற்கு முன் வந்து நிற்பேன். உங்கள் வேகத்துக்கு வருவேன். நான் அதிகம் பேச மாட்டேன், நீங்களும் பேச வேண்டியதில்லை. பின்னால் வந்துகொண்டிருப்பேன், அவ்வளவுதான். கீழே ஒரு வரி எழுதினால் போதும். சனிக்கிழமை இரவுக்குள் எழுதினால் வண்டலூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.