திம்மப்பன் தட்டிப் பார்த்த சுவர்

என் வூட்டுக்காரரு திம்மப்பனுக்கு மூணு பாஷை தெரியும். வூட்டுல தெலுங்கு, வேலையில தமிழ், பெங்களூர் ஓனருங்ககிட்ட கன்னடம். மூணுலயும் வாயைத் திறக்க மாட்டாரு. யாரு என்ன குறை சொன்னாலும் தலையை ஆட்டிட்டு மறுபடி பூச்சுக் கரண்டியை எடுத்துக்குவாரு. கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷமா இதுக்காகவே நான் அவரைத் திட்டிக்கிட்டிருக்கேன்.

வேப்பனப்பள்ளியிலருந்து ஓசூருக்கு வந்த நாள்லருந்து அவர் ஒட்டினதெல்லாம் பாத்ரூம் டைல்ஸ். நல்லா ஒட்டினா எவனும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான், ஒண்ணு கோணினா மட்டும் கூப்பிட்டுக் காட்டுவான். நான் அவருக்குச் சித்தாள். பசை கலக்குறது, துண்டு பொறுக்கித் தர்றது என் வேலை. அப்படி இருக்கையில போன வருஷம் சுரங்கப்பாதைச் சுவத்துல ஊர்க் கதையைக் கண்ணாடிச் சில்லால படமா ஒட்டுற வேலை எங்க கைக்கு வந்துச்சு. மலைக்கோயில், ஏரி, மாந்தோப்பு, நடுகல், கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டிக் காட்டுக்குப் போற யானைக் கூட்டம். வரைஞ்சு கொடுத்தது ஒரு பெங்களூர்ப் பொண்ணு. கைவேலை பூரா எங்களுது.

நகத்தளவு சில்லை வலைத்துணியில ஒவ்வொண்ணா ஒட்டி, அந்தத் துணியோட சுவத்துக்கு ஏத்தணும். நாலு மாசம் ஆச்சு. பெரிய யானையோட நெத்தியை மட்டும் மூணு தரம் பிரிச்சு ஒட்டினாரு. மூணாம் தரம் தள்ளி நின்னு பார்த்துட்டுச் சிரிச்சாரு பாருங்க, வேலை செஞ்ச இடத்துல அந்த மனுஷன் சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. திறப்பு விழாவுல அவருக்குப் பொன்னாடை போத்துறதா சூப்பர்வைசர் மோகன்குமார் சொல்லியிருந்தாரு. நான் சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.

ஒரே ஒரு விஷயந்தான் அவரை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. யானை வர்ற இடத்துல சுவரு வேர்த்துக்கிட்டே கிடந்துச்சு. பழைய ஏரி வாய்க்கால் அந்தப் பக்கந்தான் போவுது. "சார், ஒரு மாசம் காயட்டும்"னு அதிசயமா வாயைத் திறந்து சொன்னாரு. "தேதி குறிச்சாச்சுப்பா, ஒட்டு"ன்னாரு மோகன்குமார். ஒட்டினோம்.

விழாவுக்கு முந்தி ரெண்டு நாள் விடாம மழை. விழா அன்னைக்குக் காலையில ஏழரைக்கே போயிட்டோம். யானைக்கு நேர் கீழ மூணு வரிசை பெஞ்சு போட்டிருந்தாங்க. ஸ்கூல் பிள்ளைங்க நாப்பது பேரு அது மேல நின்னு பாடணுமாம். இவரு பாக்கெட்டுலருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துச் சுவத்தைத் தட்டிக்கிட்டே வந்தாரு. டைல்ஸ் கெட்டியா பிடிச்சிருந்தா கல்லுச் சத்தம் கேக்கும், உள்ள விட்டுப்போயிருந்தா காலிப் பானைச் சத்தம். மாந்தோப்பு கல்லு மாதிரி இருந்துச்சு. ஏரியும் அப்படியே. அப்புறம் யானையைத் தட்டினாரு. நெத்தியிலருந்து கால் வரைக்கும் பானைச் சத்தம்.

"ருக்கு, இது நிக்காது."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம். இப்பவே விழலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு மணி நேரந்தானேங்க. வாயை மூடிக்கிட்டு இருங்க. பிள்ளைங்க பாடிட்டுப் போகட்டும், நீங்க பொன்னாடையை வாங்கிக்குங்க, நாளைக்குப் பிரிச்சு ஒட்டிக்கலாம்." இதே வாயாலதான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

நேரா மோகன்குமார்கிட்ட போனாரு. "சார், பெஞ்சை எடுத்துடுங்க, யானை விழுந்துடும்."

"பத்து மணிக்கு விழாவை வெச்சுக்கிட்டு இப்ப வந்து சொல்றியா? பெஞ்சை நகர்த்தினா போட்டோவுல யானையே வராதுய்யா. போ, மூஞ்சியைக் கழுவிட்டு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா."

அதுக்குள்ள வேன் வந்துடுச்சு. ராஜலட்சுமி டீச்சர் பிள்ளைங்களை வரிசையா பெஞ்சுல ஏத்த ஆரம்பிச்சாங்க. குட்டைப் பிள்ளைங்க முன்னாடி, நெட்டைப் பிள்ளைங்க பின்னாடி, சுவத்தை ஒட்டி. ஒரு பொண்ணு யானைக் காலைத் தடவிப் பார்த்துட்டு, "மிஸ், ஜில்லுனு இருக்கு"ன்னுச்சு.

"இறங்குங்க! எல்லாரும் இறங்கித் தூரப் போங்க!"

யாரு கத்தினதுன்னு நானே திரும்பிப் பார்த்தேன். என் வூட்டுக்காரரு. கையில கடப்பாரை. டீச்சர் பயந்துபோயி, கையில கிடைச்ச பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு ரோட்டோரம் ஓடினாங்க. மத்ததெல்லாம் பின்னாடியே ஓடுச்சு. மோகன்குமார் இவரு சட்டையைப் பிடிச்சாரு, காலர் கிழிஞ்சுபோச்சு. இவரு உதறிட்டு, ஓரமா நின்னு யானை வால் பக்கம் ஒரு குத்து விட்டாரு.

நாலு சில்லு உதிர்ந்துச்சு. அவ்ளோதான். இன்னொரு குத்து. ரெண்டு சில்லு.

"பார்றா, கெட்டியா நிக்குது! புடிங்கடா இவனை, பைத்தியம் புடிச்சிருக்கு!"ன்னாரு மோகன்குமார். மைக் செட்டுக்காரங்க சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. "போதும் வுடுங்க, வாங்க போலாம்!"னு நானும் சேர்ந்து கத்தினேன்.

மூணாவது குத்துல மேல எங்கியோ மடமடன்னு சத்தம் கேட்டுச்சு. அவர் குத்தின இடம் அப்படியே இருக்கு. நெத்திப் பக்கம் பிச்சுக்கிட்டு, யானைக் கூட்டம் மொத்தமும் ஒரே பாளமா சரிஞ்சு பெஞ்சு மேல விழுந்துச்சு. பின்வரிசைப் பெஞ்சு ரெண்டா ஒடிஞ்சுபோச்சு. சுவத்துல தண்ணி வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ரோட்டோரத்துல ஒரு பிள்ளை வீல்னு அழுதுச்சு, அப்புறம் எல்லாப் பிள்ளைங்களும் அழுதுச்சுங்க.

அந்த இடத்தை ஒரு பிளெக்ஸ் பேனரால மறைச்சு, பிள்ளைங்களை எதிர்ச் சுவத்துப் பக்கம் நிக்க வெச்சு, பதினொரு மணிக்கு விழாவை முடிச்சுட்டாங்க. பொன்னாடைப் பேச்சே இல்ல. நாங்க ரெண்டு பேரும் நெத்திச் சில்லுங்களைக் கூட்டி அள்ளிக்கிட்டிருந்தோம்.

டீச்சர் தேடிக்கிட்டு வந்தாங்க. "அண்ணா, விழும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

இவரு நிமிரவே இல்ல. "காலையில தட்டிப் பார்த்தோம்மா. உள்ள காலியா இருந்துச்சு. நானும் ருக்குவும் சேர்ந்துதான் நிறுத்தணும்னு முடிவு பண்ணோம்."

டீச்சர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாங்க. "நீங்க நல்லா இருக்கணும்க்கா"ன்னாங்க. சில்லுத் தூசி அப்பின கை. இழுத்துக்கணும்னு தோணுச்சு. முடியல.