மதினியின் உள்ளங்கை

மதினியின் வலது உள்ளங்கையில் ரேகைகள் கிடையாது. என் மகளின் கன்னத்தில் அவள் எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். நான் பள்ளி ஆசிரியன். மகளுக்கு ஐந்து மாதம். அவளுடைய இடது கன்னத்தில் புளியங்கொட்டை அளவில் கல் போன்ற ஒரு கட்டி. தென்காசி டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வெறும் நார்க்கட்டி. ஆபத்தில்லை. தானாகவே கரையலாம்; தொடாதீர்கள்" என்றார். வீட்டில் அதைச் சொன்னேன். என்னை வளர்த்த அண்ணாச்சி சிரித்தார். "டாக்டரா பெத்தான்? பொம்பளப் புள்ள மூஞ்சியில கட்டியோட அலையவா?"

மறுநாள் காலை என் மனைவியை அறைக்குள் தள்ளிப் பூட்டினார். கரண்டிக் காம்பை அடுப்பில் வைத்தார். அது சிவந்தது. "ஏலே, புள்ள காலை இறுக்கிப் புடி. ஒரே இழுப்புதான், கட்டி போயிரும்." உள்ளிருந்து மனைவி கதவை உதைத்தாள், அலறினாள். நான் பிடித்தேன். படித்தவன், பிடித்தேன்.

காம்பு கன்னத்துக்கு நான்கு விரல் தூரத்தில் வந்தபோது மதினி அதைக் கையால் பற்றினாள். அண்ணாச்சியின் மனைவி; அவர் முன்னால் அதுவரை குரல் உயர்த்தாதவள். சதை பொசுங்கிய நாற்றம் எழுந்தது. அவர் அவள் தலையில் குத்தினார், இடுப்பில் மிதித்தார். அவள் விடவில்லை. "நம்ம புள்ளையச் சுட்டே கொன்னீரு. இதையும் கொல்லணுமா?" அவர்களுக்கும் ஒரு மகன் இருந்தான். மாந்தம் என்று வயிற்றில் போட்ட சூடு சீழ் பிடித்து இறந்துபோனான். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அப்போதுதான் குழந்தையின் கால்களை விட்டேன். அண்ணாச்சியை உதைத்தேன். அம்மியில் மோதி அவர் வாயெல்லாம் ரத்தம். கரண்டி கீழே விழுந்தது. காம்பில் மதினியின் தோல் ஒட்டியிருந்தது.

மகள் நடக்கத் தொடங்கிய சில மாதங்களில் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. இன்றும் அவள் தூங்கும்போது அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

சென்ற வாரம் குற்றாலத்தில், அருவிக்குப் போகுமுன் மதினி மகளின் முகத்தில் எண்ணெய் தேய்த்தாள். "பெரியம்மா, ஒங்க கை மட்டும் ஏன் வழவழன்னு இருக்கு?"

"அருவித் தண்ணி அடிச்சு தேஞ்சு போச்சுட்டி."

மகள் சிரித்தாள். நான் என் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தேன். ஐந்து மாதக் குழந்தையின் கால்களை இறுக்கிப் பிடித்த கைகள். ரேகைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.