மியூட்டில் இருந்த மைக்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே சுவரை ஒட்டிய வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. குவைத்தில் வேலை செய்த தங்கைக்கு அனுப்ப, படுக்கையில் கிடந்த அப்பாவின் பேச்சை அதில் பதிவு செய்தேன். மெல்லிய குரலில் அழுதுகொண்டே பேசினார்.

“அவளுக்குக் கேக்குமா?”

“கேக்கும்ப்பா.”

ஸ்பீக்கரில் போட்டால் அவர் அழுவது சுவர் வழியே பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று, பதிவைப் போட்டுப் பார்க்கவில்லை.

அதைத் தங்கைக்கு அனுப்பும் முன்பே அப்பா இறந்துபோனார். அதன் பிறகுதான் போட்டேன். சத்தமே இல்லை. ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், பாட்டு நன்றாகவே கேட்டது. சவுண்ட் செட்டிங்கைத் திறந்தேன். லினக்ஸ் போட்ட நாளிலிருந்தே மைக் மியூட்டில் இருந்திருக்கிறது.

“அப்பா என்ன சொன்னாரு?” என்று தங்கை போனில் கேட்டாள். நினைவில் இருந்ததைச் சொன்னேன். குரலைச் சொல்ல முடியவில்லை.

இப்போது யார் பேச்சைப் பதிந்தாலும், முதலில் என் குரலைப் பதிந்து, சத்தமாகவே போட்டுப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்.