திறப்பு அல்ல, திறப்பா?

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சாக்கு விதைநெல் முளைத்துக் கிடந்தது. விதை என்றால் முளைக்கத்தானே செய்யும், இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. அதைத் தெளிக்க வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை!

காரணம், என் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற லட்சணம்.

அவர் படிப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வாயில் பிரஷ், கையில் பேப்பர். பல் தேய்த்து முடிப்பதற்குள் உலகம் மொத்தத்தையும் முடித்துவிடுவார். பக்கம் புரளுகிற சத்தத்துக்கும் படிக்கிற வேகத்துக்கும் வித்தியாசமே இருக்காது. அதில் பெருமை வேறு. "நீ இன்னும் முதல் பக்கத்தையே தாண்டலையா?" என்று என்னைக் கேட்பார்.

அப்படித்தான் அன்று காலை குழாயடியிலிருந்து கத்தினார். "நாளைக்குக் கல்லணையில தண்ணி திறக்கிறாங்க. விதையை ஊறப்போட்டுடுவோம்!"

பூதலூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது புரியும். அங்கே திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு வர அதிக நேரம் ஆகாது. அதற்குள் விதை ஊறி, சாக்கில் கட்டி முளைவிட்டால், தண்ணீர் வந்த கையோடு நாற்றங்காலில் தெளித்துவிடலாம். கணக்கு சரிதான். ஊறப்போட்டார். அதோடு சும்மா இருந்தாரா? பக்கத்து வயல் ஜமால் பாயிடம் போய், "இன்னும் ஊறப்போடலையா பாய்? பேப்பரெல்லாம் படிக்கிறதில்லையா?" என்று ஒரு நக்கல் வேறு.

விதை ஊறியது. வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடியாயிற்று. வாய்க்காலைப் போய்ப் பார்த்தால்... ஆடு மேய்கிறது.

எனக்குச் சந்தேகம் வந்து அந்தப் பழைய பேப்பரைத் தேடி எடுத்தேன். தலைப்பு பெரிய எழுத்தில்தான் இருந்தது. 'கல்லணையில் நாளை தண்ணீர் திறப்பா?'

"ஏங்க, இதுல திறப்பான்னு போட்டிருக்கு."

"அதைத்தானே நானும் சொன்னேன். திறப்பு."

"திறப்பு இல்லீங்க. திறப்-பா? கேள்வி கேட்டிருக்கான்."

வாங்கிப் பார்த்தார். அப்புறம் வந்ததே கோபம்! "பேப்பர்ல பதிலைத்தானே போடணும்? கேள்வியை எதுக்குப் போடுறான்? அவனுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

கீழே நாலே வரிதான் செய்தி. கரை வேலை முடியாததால் தேதி தள்ளிப்போகலாம், அதுவரை விதைக்க அவசரப்பட வேண்டாம் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அந்த நாலு வரியை யார் படிப்பது? தலைப்பிலேயே கடைசி எழுத்து வரைக்கும் போகாத மனுஷர்!

இவரை மட்டும் திட்டி என்ன செய்ய? நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் படிக்கிறோம். தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில்தான் இருக்கிறது. 'திறக்கப்படும்' வேறு. 'திறக்கப்படலாம்' வேறு. 'திறக்கப்படும் என எதிர்பார்க்கப்படுகிறது' முற்றிலும் வேறு. யாரோ எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பாதி வாக்கியத்தில் எழுந்து போகிறவருக்கு மூன்றும் ஒன்று. வாட்ஸ்அப்பில் வருவதைச் சொல்லவே வேண்டாம்... 'மேலும் படிக்க' என்று ஒன்று இருக்கிறதே, அதை இதுவரை எத்தனை தடவை தொட்டிருக்கிறீர்கள்?

நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஒரு விஷயத்தை எடுக்கும்போதே இதிலிருந்து எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு கேள்வியை மனதில் போட்டுக்கொள்வேன். தண்ணீர் என்றைக்கு? அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் பக்கத்தைப் புரட்ட மாட்டேன். கிடைத்தால் பென்சிலால் ஒரு கோடு. சொன்னது யார், பெயர் போட்டிருக்கிறதா, இல்லை 'கூறப்படுகிறது' என்று நழுவியிருக்கிறார்களா என்றும் பார்ப்பேன். புரியாவிட்டால் வாய்விட்டுப் படிப்பேன். காதில் விழுந்தால் கண் விட்டது பிடிபடும். இது பெரிய வித்தையா? இல்லையே! ஆனால் இதைச் சொன்னால், "நான் என்ன பரீட்சையா எழுதப்போறேன்?" என்பார் இவர்.

எழுதினாரே... ஒரு சாக்கு விதையை வைத்து!

அன்று சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சாக்கு சூடாக இருந்தது. வெள்ளை முளை எட்டிப் பார்த்தாகிவிட்டது. மறுநாளைக்குள் சேற்றில் விழாவிட்டால் முளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அத்தனையும் வீண். வேறு விதையும் கையில் இல்லை. இந்தச் சாக்கு போனால் எங்களுக்கு இந்த வருஷம் குறுவைச் சாகுபடியே இல்லை.

போர்வெல் மோட்டார் இருப்பது ஜமால் பாயிடம். துபாயில் சம்பாதித்து வந்து போட்டது. ஆனால் இவர் எந்த முகத்தோடு போவார்? "நீ போய்க் கேளேன்" என்றார்.

நானா? நாலு பேர் முன்னால் பேச வராமல்தானே பத்திரிகையில் எழுதவே வந்தேன்! வேறு வழி இல்லை. போனேன். பாய் வயலில்தான் நின்றார். தொண்டையைச் செருமிச் செருமி விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

அவர் சிரித்தார். "பேப்பரா? நான் எங்கே படிச்சேன்க்கா? நமக்கு மோட்டார் இருக்கு, கரன்ட் இருக்கு. அவங்க திறந்தா என்ன, திறக்காட்டி என்ன? ஓரத்துல சேறடிச்ச இடம் கொஞ்சம் இருக்கு. கொண்டாந்து தெளிச்சுக்கங்க." நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "ஆனா உங்க கட்டுரையை மட்டும் வாராவாரம் விடமாட்டேன்க்கா. வெந்தயத் தோசை பத்தி எழுதியிருந்தீங்களே, பிரமாதம்!" என்றார்.

வெந்தயத் தோசை என் கட்டுரைக்குப் பக்கத்தில் வந்த சமையல் குறிப்பு. நான் எழுதியிருந்தது முழங்கால் வலி.

என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்? தண்ணீர் கேட்டு நிற்கிறேன். "ரொம்ப நன்றிங்க பாய்" என்றேன்.

இவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு வரப்பில் தலை குனிந்து வந்தபோது பாய் விடவில்லை. "என்னண்ணே, இன்னைக்குப் பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?"

"மோட்டாரைப் போடுங்க பாய் முதல்ல" என்றார் இவர்.

விதை பிழைத்தது. நாற்று நன்றாகவே எழும்பியது.

இவரும் மாறினார் என்று சொல்ல வேண்டும். என் பென்சிலை எடுத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு செய்தியையும் கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படிக்கிறார். "யாரு சொன்னதாம்? பேரைக் காணுமே!" என்று அடுப்படி வரைக்கும் வந்து என்னிடம் விசாரணை. ஒரு பேப்பர் முடிய மதியம் ஆகிறது. வேகமாகப் படித்த காலத்தில் வீடாவது அமைதியாக இருந்தது!

பிறகு ஒருநாள் 'தண்ணீர் திறக்கப்பட்டது' என்றே வந்தது. கேள்விக்குறி இல்லை, எதிர்பார்ப்பு இல்லை. இரண்டு தடவை படித்தார். அப்படியும் நம்பாமல் நேரே வாய்க்காலுக்குப் போய், இறங்கி, முழங்கால் வரை நனைந்து பார்த்துவிட்டு வந்தார். படித்ததைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது.

ஆனால் அந்தச் சேற்றுக் காலோடு, அப்போதுதான் துடைத்த கூடத்தில் நடந்து வந்து, "வந்துடுச்சு!" என்றார் பாருங்கள்...

வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வரவும் என்று யாராவது பேப்பரில் போடுங்களேன்.